பழைய திருட்டு வழக்கும் கிரீன் கார்டு புதுப்பித்தலும்: கட்டபெட்டிலிருந்து வந்த ஒரு கேள்வி

8 ஜூன் 2025 (கட்டபெட்டு வாசகி கேட்டது)

அண்ணா, என் தம்பி டெக்சாஸில் இருக்கிறான். 2015 டிசம்பரில் கிரீன் கார்டு வாங்கினான். வருகிற டிசம்பரோடு அதன் பத்தாண்டுக் காலம் முடிகிறது. 2018-இல் அவன் மீது ஒரு கடைத் திருட்டு வழக்கு நடந்தது. சிறைக்குப் போகவில்லை. ஓராண்டு ஒழுங்காக நடந்துகொண்டதால் வழக்கையே தள்ளுபடி செய்துவிட்டார்கள், தண்டனை என்று எதுவும் பதிவாகவில்லை என்று அன்று வாதாடிய வழக்கறிஞர் சொன்னாராம். கோயம்புத்தூரில் உள்ள ஒரு முகவர், இது ரேஷன் கார்டு புதுப்பிப்பது போலத்தான், பணம் கட்டினால் வந்துவிடும் என்கிறார். பக்கத்து வீட்டு மாமாவோ, விண்ணப்பம் போட்டால் அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள் என்கிறார். ஜனவரியில் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு அவன் வர வேண்டும் என்று அம்மா காத்திருக்கிறார். யார் சொல்வது சரி?

9 ஜூன் 2025

இருவர் சொல்வதும் சரியல்ல. நான் வழக்கறிஞன் அல்லன். டாலஸில் ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் நெடுங்காலம் கோப்புகளைத் தயாரிக்கும் வேலையில் இருந்துவிட்டு அரவேணுவுக்குத் திரும்பியவன். அந்த அனுபவத்தின் எல்லைக்குள் நின்றே எழுதுகிறேன்.

டிசம்பரில் காலாவதியாவது கார்டு மட்டுமே, வசிப்புரிமை காலாவதியாவதில்லை. குடிவரவு நீதிபதி நாடு கடத்தும் ஆணை பிறப்பித்து, அந்த ஆணை இறுதியாகும் வரை உங்கள் தம்பி நிரந்தர வசிப்பாளராகவே இருக்கிறார். புதுப்பிக்கும் விண்ணப்பம் ஐ-90 எனப்படுவது. காலம் முடிவதற்கு ஆறு மாதம் இருக்கும்போதே அதைப் போடலாம். இணைய வழியில் கட்டணம் 415 டாலர், தாளில் அனுப்பினால் 465 டாலர். விண்ணப்பம் கிடைத்ததற்கான ரசீதே பழைய கார்டின் காலத்தை 36 மாதம் நீட்டித்துக் கொடுக்கிறது. இதுவரை அந்த முகவர் சொன்னதில் தவறில்லை.

ஆனால் விண்ணப்பத்தின் பேரில் கைரேகை எடுக்கிறார்கள். அந்தக் கைரேகை எஃப்.பி.ஐ. பதிவேட்டோடு ஒப்பிடப்படுகிறது. 2018-இல் நடந்த வழக்கு அங்கே இருக்கிறது. அந்த வழக்கு நாடு கடத்தலுக்கு இடம்தரும் வகையைச் சேர்ந்ததாக இருந்தால், கார்டு கேட்கப் போன இடத்திலேயே வழக்கு தொடங்க வாய்ப்புண்டு. அந்த வகையைச் சேராததாக இருந்தால் கார்டு வீட்டுக்கு வந்துவிடும். ஆகவே புதுப்பிக்கலாமா என்று கேட்பதற்கு முன்னால், அந்த வழக்கு எந்த வகை என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதே நாள் இரவு

"தள்ளுபடி" என்று நீங்கள் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதுதான் எனக்குக் கவலை தருகிறது. டெக்சாஸில் "டிஃபர்டு அட்ஜூடிகேஷன்" என்று ஒரு முறை இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார். நீதிபதி தீர்ப்பை எழுதாமல் ஒத்திவைத்து, குறிப்பிட்ட காலம் கண்காணிப்பில் வைக்கிறார். காலம் ஒழுங்காக முடிந்தால் வழக்கு தள்ளுபடியாகிறது. மாநிலச் சட்டத்தின் கண்ணில் அவர் தண்டிக்கப்பட்டவர் அல்லர். குடிவரவுச் சட்டத்தின் கண்ணில் அவர் தண்டிக்கப்பட்டவரே. குற்றத்தை ஒப்புக்கொண்டு, அதன் பேரில் ஏதேனும் ஒரு தண்டனையோ சுதந்திரக் கட்டுப்பாடோ விதிக்கப்பட்டிருந்தால், தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டிருந்தாலும் அது தண்டனைப் பதிவே என்று மத்தியச் சட்டம் வரையறுத்திருக்கிறது. பின்னாளில் பதிவைப் பொதுமக்கள் பார்வையிலிருந்து மறைக்கும் ஆணை வாங்கினாலும் குடிவரவுத் துறைக்கு அது மறைவதில்லை.

உங்கள் தம்பி அந்த மாவட்ட நீதிமன்ற எழுத்தரிடம் வழக்கின் சான்றிட்ட நகலைக் கேட்டு வாங்கட்டும். எஃப்.பி.ஐ.யிடமிருந்து தன் சொந்தப் பதிவின் சுருக்கத்தையும் 18 டாலர் கட்டி வாங்கட்டும். இரண்டும் கைக்கு வரும் வரை எந்த விண்ணப்பமும் வேண்டாம்.

14 ஜூன் 2025

முகவர் மறுபடியும் தைரியம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஐ-90 படிவத்தில் "எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா" என்ற கேள்வியே இல்லையாம். ஆகவே சொல்ல வேண்டியதும் இல்லையாம்.

படிவத்தைப் பற்றி அவர் சொல்வது உண்மை. முன்பு நாடு கடத்தல் வழக்கில் இருந்தீர்களா, வசிப்புரிமையைக் கைவிட்டீர்களா என்றுதான் அதில் கேட்கிறார்கள். குடியுரிமைக்கான என்-400 படிவத்தில் இருப்பது போன்ற நீண்ட குற்றப் பட்டியல் அதில் கிடையாது. ஆனால் கேள்வி இல்லாததற்குக் காரணம் அவர்களுக்கு அக்கறை இல்லாதது அன்று. விரல் வைத்தவுடன் எல்லாம் தெரிந்துவிடுகிறது. படிவத்தின் எளிமையை நம்பி, பழைய வழக்கைப் பற்றி யாரிடமும் பேசாமல் கையெழுத்துப் போட்டு அனுப்பியவர்கள், பிறகு ஒரு தபால் உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு நடுங்கும் கையோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பொய் எதுவும் சொல்லியிருக்கவில்லை. முன்கூட்டியே ஒரு மணி நேரம் யாரிடமாவது பேசியிருந்தால், அந்த உறைக்குத் தயாராக இருந்திருப்பார்கள்.

படிவம் நிரப்புபவரிடம் படிவம் நிரப்பும் வேலையை மட்டும் கொடுங்கள். இந்த வழக்கைப் பற்றி அவரிடம் கருத்துக் கேட்க வேண்டாம்.

27 ஜூன் 2025

நகல் வந்திருக்கிறது. பெயரையும் எண்களையும் மறைத்து நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டே பக்கம். இப்படிப்பட்ட தாளில் எதைப் பார்க்க வேண்டும் என்பது மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால், வரிசையாகப் படித்துச் சொல்கிறேன்.

முதல் பக்கத்தின் மேலே குற்றத்தின் பெயர்: திருட்டு, பொருளின் மதிப்பு 750 டாலருக்கு மேல் 2,500 டாலருக்குள். பொருள் ஒரு கைக்கடிகாரம் என்று நீங்கள் சொன்னீர்கள்; ஆணையில் அது இல்லை, மதிப்பின் வரம்பு மட்டுமே இருக்கிறது. அதன் கீழே குற்றத்தின் தரம்: ஏ வகுப்புச் சிறு குற்றம். டெக்சாஸில் அதற்கு அதிகபட்சம் ஓராண்டு சிறையும் 4,000 டாலர் அபராதமும் விதிக்கலாம். அடுத்த கட்டத்தில் அவர் அளித்த பதில்: "நோலோ கன்டென்டரே". குற்றத்தை மறுக்கவும் இல்லை, வாயால் ஒப்புக்கொள்ளவும் இல்லை என்பது அதன் நிலை. குடிவரவுச் சட்டம் அதையும் ஒப்புதலுக்குச் சமமாகவே எடுத்துக்கொள்கிறது. பிறகு, தீர்ப்பு ஒத்திவைப்பு, பன்னிரண்டு மாதச் சமூகக் கண்காணிப்பு, அபராதம், நீதிமன்றச் செலவு. இரண்டாம் பக்கத்தில் நிபந்தனைகள்: மாதம் ஒருமுறை அதிகாரியைச் சந்திப்பது, அந்தக் கடைக்குள் நுழையாதிருப்பது.

நான் அஞ்சியபடியே இது டிஃபர்டு அட்ஜூடிகேஷன்தான். குடிவரவுச் சட்டப்படி இது தண்டனைப் பதிவு.

ஆனால் இதே தாளில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. சிறைத் தண்டனை என்ற இடத்தில் ஒன்றும் இல்லை. திருட்டுக் குற்றத்துக்கு ஓராண்டோ அதற்கு மேலோ சிறை விதிக்கப்பட்டிருந்தால், அதை நிறுத்திவைத்திருந்தாலும்கூட, அது கடுங்குற்றங்களின் பட்டியலில் விழுந்திருக்கும். பிறகு நீதிபதியிடம் இரக்கம் கேட்கும் வழிகளில் பெரும்பாலானவை அடைபட்டிருக்கும். அந்த ஆபத்து இல்லை.

28 ஜூன் 2025

நேற்று எழுதியதன் தொடர்ச்சி. இதைச் சற்று நிதானமாகப் படியுங்கள்; உங்கள் தம்பியின் நிலையை முடிவு செய்யும் இடம் இதுதான்.

திருட்டு பொதுவாக ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றமாகக் கருதப்படுகிறது. அப்படிப்பட்ட ஒரே ஒரு குற்றம் நாடு கடத்தலுக்குக் காரணமாக வேண்டுமானால் இரண்டு நிபந்தனைகள் சேர வேண்டும். ஒன்று, அந்தக் குற்றத்துக்கு ஓராண்டோ அதற்கு மேலோ சிறை விதிக்கச் சட்டம் இடம்தர வேண்டும். உண்மையில் விதித்தார்களா என்பது இங்கே பொருட்டில்லை. ஏ வகுப்புக் குற்றத்துக்கு ஓராண்டு வரை விதிக்கலாம் என்பதால் இது பொருந்திவிட்டது. கடிகாரத்தின் விலை 750 டாலருக்குக் கீழே இருந்திருந்தால் அது பி வகுப்பாகி, அதிகபட்சம் 180 நாள் சிறை என்றாகி, இந்தப் பேச்சே எழுந்திருக்காது.

இரண்டாவது, நாட்டுக்குள் அனுமதிக்கப்பட்ட நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் அந்தக் குற்றம் நடந்திருக்க வேண்டும். 2015-இல் கார்டு, 2018-இல் வழக்கு, ஆகவே மூன்று ஆண்டுதானே என்று நீங்கள் கலங்கி எழுதியிருக்கிறீர்கள். எண்ணிக்கை எப்போதும் கார்டு கிடைத்த நாளிலிருந்து தொடங்குவதில்லை. உங்கள் தம்பி 2008-இல் எச்-1பி எனப்படும் வேலை விசாவில் போய், அங்கே இருந்தபடியே கிரீன் கார்டுக்கு மாறியவர். அப்படிப்பட்டவருக்கு, குற்றம் நடந்தபோது அவர் எந்த நுழைவின் பலத்தில் அந்நாட்டில் இருந்தாரோ அந்த நுழைவு நாளிலிருந்துதான் எண்ண வேண்டும் என்று குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் 2011-இல் தீர்ப்பளித்தது. ஆகவே நான் கேட்பது இதுதான்: கார்டு வாங்குவதற்கு முன் அவர் கடைசியாக ஊருக்கு வந்து திரும்பியது எப்போது? பழைய பாஸ்போர்ட்டைத் தேடச் சொல்லுங்கள்.

அதே நாள் மாலை

2013 ஜனவரியில் பண்டிகைக்கு வந்து, அதே மாதம் திரும்பியதாக முத்திரை இருக்கிறது என்கிறீர்கள். அப்படியென்றால் ஐந்து ஆண்டு 2018 ஜனவரியில் முடிகிறது. வழக்கு 2018 மார்ச்சில்தானே, தப்பித்தோம் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கும் ஒரு நொடி மனம் இலேசானது.

ஆனால் சட்டம் பார்ப்பது குற்றம் நடந்த நாளை. நீதிமன்றத்தில் பதில் சொன்ன நாளை அன்று. நகலின் முதல் பக்கத்தில், வலப்பக்க ஓரத்தில், குற்றம் நடந்த நாள் என்று தனியாக ஒரு கட்டம் இருக்கிறது. அதில் 2017 நவம்பர் என்று இருக்கிறது.

ஏறக்குறைய இரண்டு மாத இடைவெளியில் உங்கள் தம்பி அந்த ஐந்து ஆண்டுக்குள் விழுகிறார். இதை மென்மையாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. இது கையாளக்கூடிய நிலைதான். அதை அடுத்து எழுதுகிறேன். முதலில் அம்மாவிடம் இன்றே எதையும் சொல்ல வேண்டாம்.

2 ஜூலை 2025

உதகை வாசகர் ஒருவர், இந்த ஆண்டு ஜனவரியில் வந்த லேக்கன் ரைலி சட்டத்தின்படி திருட்டு வழக்கு இருந்தாலே பிடித்து அடைத்துவிடுவார்கள் என்று எழுதியிருக்கிறார். அந்தச் சட்டத்தின் கட்டாயக் காவல், முறையான அனுமதியோ ஆவணமோ இல்லாமல் இருப்பவர்களையும், மோசடியால் நுழைந்தவர்களையும் குறிவைத்தது. முறையாக அனுமதிக்கப்பட்டுக் கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கு அது அப்படியே பொருந்தாது. இந்த வீட்டில் ஏற்கெனவே போதுமான பயம் இருக்கிறது. தயவுசெய்து தலைப்பை மட்டும் படித்துவிட்டு அதைக் கூட்ட வேண்டாம்.

11 ஜூலை 2025

விண்ணப்பம் போட்டு, கைரேகை கொடுத்து, பதிவு வெளியே வந்தால் என்ன நடக்கும் என்று கேட்டிருந்தீர்கள்.

விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் குடிவரவுத் துறையான யு.எஸ்.சி.ஐ.எஸ்.-இன் அதிகாரி, குடிவரவு நீதிமன்றத்தில் ஆஜராகும்படி கோரும் என்.டி.ஏ. அறிவிப்பை அனுப்பலாம். இந்த ஆண்டு பிப்ரவரியில் வந்த கொள்கைக் குறிப்புக்குப் பிறகு அப்படி அனுப்பும் போக்கு விரிந்திருக்கிறது. அனுப்பினால் அது வழக்கின் தொடக்கம் மட்டுமே. அந்த வழக்கு நடக்கும் காலத்திலும் அவர் நிரந்தர வசிப்பாளர். அந்த நிலைக்கான சான்றை, கார்டாகவோ பாஸ்போர்ட்டில் முத்திரையாகவோ, கேட்டுப் பெற அவருக்கு உரிமை உண்டு. பக்கத்து வீட்டு மாமா சொல்லும் அடுத்த விமானம் என்பது இதில் எங்கும் இல்லை.

நீதிபதி முன்னால் அவருக்கு ஒரு வலுவான வழி இருக்கிறது. நாடு கடத்தலை ரத்துச் செய்யக் கோரும் மனு அது. அதற்கு மூன்று தகுதிகள் வேண்டும். நிரந்தர வசிப்பாளராக ஐந்து ஆண்டு இருந்திருக்க வேண்டும். இவர் பத்தாவது ஆண்டில் இருக்கிறார். ஏதேனும் ஒரு விசாவில் அனுமதிக்கப்பட்ட பிறகு ஏழு ஆண்டு தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். சில குற்றங்கள் இந்த எண்ணிக்கையைக் குற்றம் நடந்த நாளோடு நிறுத்திவிடும். அப்படி நிறுத்தினாலும் 2008-இலிருந்து 2017 வரை ஒன்பது ஆண்டு ஆகிறது. கடுங்குற்றத் தண்டனை இருக்கக் கூடாது. இல்லை என்பதை அந்த இரண்டு பக்கத்திலேயே பார்த்தோம். மூன்றும் பொருந்தினாலும் மனுவை ஏற்பது நீதிபதியின் விருப்புரிமை. குடும்பம், வேலை, வரி கட்டிய வரலாறு, ஊருக்குச் செய்த நன்மை, மனம் திருந்தியதற்கான சான்று ஆகியவற்றை ஒருபுறமும் குற்றத்தை மறுபுறமும் வைத்து அவர் எடைபோடுவார்.

எங்கள் அலுவலகத்துக்குக் கட்சிக்காரராக ஒரு முதியவர் வந்தார். இளமையில் ஒரு சிறு திருட்டு, பல ஆண்டு கழித்து இன்னொன்று. அப்படிப்பட்ட இரண்டு தண்டனைகள் சேர்ந்துவிட்டால் ஐந்து ஆண்டுக் கணக்கே கிடையாது. எப்போது வேண்டுமானாலும் நாடு கடத்தலுக்கு இடம் உண்டு. இரண்டுக்கும் அபராதம் மட்டுமே கட்டியவர் அவர், அதனால் இரண்டையும் மறந்தே போயிருந்தார். அவருக்காக எங்கள் வழக்கறிஞர் திரட்டிய தாள்களில், அவர் வாரந்தோறும் காய்கறி கொண்டுபோய்க் கொடுத்த ஒரு முதியோர் இல்லத்தின் கடிதமும் இருந்தது. நீதிபதி அதைக் கையில் எடுத்து இரண்டு முறை படித்ததாக வழக்கறிஞர் வந்து சொன்னார். மனு ஏற்கப்பட்டது. எல்லாருக்கும் அப்படி முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தயாராகப் போனவர்களுக்கும் தயாராகாமல் போனவர்களுக்கும் இருந்த வேறுபாட்டை நான் கண்ணால் கண்டவன்.

20 ஜூலை 2025

இப்போது பண்டிகைப் பயணம். இந்த இழையில் நான் மிகவும் தயங்கி எழுதும் குறிப்பு இதுதான். ஹெத்தையம்மன் கோயில் உள்ள பேரகணியில் அந்த நாளில் வெள்ளை உடுத்தி நிற்கும் கூட்டத்தில் தன் மகன் இல்லை என்றால் ஒரு தாய்க்கு எப்படி இருக்கும் என்பது எங்களுக்கெல்லாம் தெரியும்.

புதுப்பிப்பது ஆபத்து, ஊருக்கு வந்து போவது சாதாரணம் என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். உண்மை பல வழக்குகளில் நேர்மாறு. பழைய குற்றப் பதிவு உள்ள கிரீன் கார்டுக்காரர் வெளியே போய்த் திரும்பும்போது, சில வகைக் குற்றங்களுக்கு, அவரைப் புதிதாக அனுமதி கேட்டு வந்து நிற்பவராகவே நடத்தச் சட்டம் இடம்தருகிறது. 180 நாளுக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்தாலும் அப்படித்தான். நாடு கடத்தலுக்கான பட்டியல் ஒன்று, நுழைவை மறுப்பதற்கான பட்டியல் வேறொன்று. ஒன்றில் விழாதவர் மற்றொன்றில் விழக்கூடும். எடுத்துக்காட்டாக, சொந்தப் பயன்பாட்டுக்காக 30 கிராம் வரை கஞ்சா வைத்திருந்த ஒரே ஒரு தண்டனை நாடு கடத்தலுக்குக் காரணமாகாது. ஆனால் அதே மனிதர் வெளியே போய்த் திரும்பினால் விமான நிலையத்தில் சிக்கிக்கொள்வார்.

உங்கள் தம்பிக்கு இது எதிர்த்திசையில் அமைகிறது. அதிகபட்சத் தண்டனை ஓராண்டைத் தாண்டாமலும், விதித்த சிறை ஆறு மாதத்தைத் தாண்டாமலும் இருக்கிற ஒரே ஒரு குற்றத்துக்கு நுழைவுப் பட்டியலில் விலக்கு உண்டு. அவர் அந்த விலக்குக்குள் வருகிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதனால் அவர் நுழைய முடியாதவர் அல்லர். ஆனால் நாடு கடத்தலுக்கான காரணம் அவரோடு கூடவே பயணம் செய்கிறது. திரும்பி இறங்கும்போது கைரேகை வைத்தவுடன் தனி அறைக்கு அழைத்து, அங்கிருந்தே வழக்கைத் தொடங்கலாம். நீண்ட பயணம் முடிந்து, தூக்கமில்லாமல், அருகில் வழக்கறிஞர் இல்லாமல், கேள்விகளுக்குப் பதில் சொல்லும் நிலை அது. வீட்டில் இருந்தபடி தபாலில் அறிவிப்பு வாங்குவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

இந்த ஜனவரியில் அவர் வர வேண்டாம் என்பது என் கருத்து. அம்மாவிடம் இதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், காரணத்தோடு சொல்லுங்கள். வேலை இருக்கிறது, விடுப்பு இல்லை என்று பொய்க் காரணம் சொன்னால், மகன் மறந்துவிட்டான் என்று அவர் நினைத்துக்கொள்வார்.

3 ஆகஸ்ட் 2025

குன்னூர் நண்பர் ஒருவர் ஒரு குறுக்கு வழி சொல்கிறார். ஐ-90 போட வேண்டாம், நேராகக் குடியுரிமைக்கு என்-400 போட்டால் அதன் ரசீதே கார்டை 24 மாதம் நீட்டித்துவிடும், ஐந்தாண்டு நன்னடத்தைக் காலமும் தாண்டிவிட்டது, குடியுரிமை வந்துவிட்டால் நாடு கடத்தவே முடியாது என்கிறார்.

ஒவ்வொரு துண்டும் பெரும்பாலும் உண்மை. சேர்த்துப் பார்த்தால் இந்த வழக்குக்கு ஆபத்து. நன்னடத்தை ஐந்து ஆண்டோடு கணக்கிடப்படலாம். நாடு கடத்தலுக்கான காரணத்துக்குக் காலக்கெடு கிடையாது. என்-400 எல்லாக் கைதுகளையும் எல்லா வழக்குகளையும் கேட்கிறது. நேர்காணலில் அதிகாரி எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றையும் விளக்க வேண்டும். நாடு கடத்தலுக்கு இடமுள்ளவர் தானே போய் அந்த நாற்காலியில் உட்காருவதற்கு முன், அதன் பின்விளைவைச் சொல்லக்கூடிய வழக்கறிஞர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். இந்த வழி முடிவில் சரியானதாகவே அமையலாம். முதல் அடியாக அது கூடாது.

17 ஆகஸ்ட் 2025

கோத்தகிரி பக்கத்து டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) குடியிருப்பிலிருந்து ஒருவர் கேட்கிறார். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் பின் இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம். உறவினர் ஒருவர் கனடாவில் நிரந்தர வசிப்பாளர், மது அருந்தி வண்டி ஓட்டிய வழக்கு ஒன்று அவர் மீது இருக்கிறதாம். அமெரிக்காவில் இது பெரிய குற்றம் இல்லை என்று இங்கே யாரோ சொன்னதால் நிம்மதியாக இருக்கிறாராம்.

அமெரிக்காவின் விடையைக் கனடாவுக்கு எடுத்துச் செல்ல வேண்டாம். உயிர்ச்சேதமோ காயமோ இல்லாத, முதல்முறை மதுபோதை வழக்கு மட்டும் அமெரிக்காவில் பொதுவாக நாடு கடத்தலுக்குக் காரணமாவதில்லை. கனடாவில் 18 டிசம்பர் 2018 முதல் அதற்கான அதிகபட்சத் தண்டனை பத்து ஆண்டாக உயர்த்தப்பட்டது. பத்து ஆண்டு வரை தண்டிக்கக்கூடிய குற்றத்தில் அங்கே தண்டிக்கப்பட்ட நிரந்தர வசிப்பாளர், கையில் அபராத ரசீது மட்டுமே இருந்தாலும், கடும் குற்றப் பிரிவில் வருகிறார். விதிக்கப்பட்ட சிறை ஆறு மாதத்தை எட்டினால் மேல்முறையீட்டு உரிமையும் போய்விடும். அங்கே நிரந்தர வசிப்பாளருக்கான பி.ஆர். கார்டு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பது. ஐந்து ஆண்டில் 730 நாள் நாட்டில் இருந்ததை அப்போது காட்ட வேண்டும். நாள் கணக்குச் சரியாக இருக்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டு விண்ணப்பிக்கும் பலர் இந்த வழக்கை நினைப்பதே இல்லை. வழக்கு இன்னும் முடியவில்லை என்றால், குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு முன்பே குடிவரவு அறிந்த வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒப்புக்கொண்ட பின் மிஞ்சும் வழிகள் குறைவு.

24 ஆகஸ்ட் 2025

ஊரில் உள்ள வழக்குகள் பற்றி இருவர் கேட்டிருக்கிறார்கள். தேயிலைத் தோட்ட எல்லையில் நடந்த அடிதடிக்காக, அமெரிக்காவில் இருக்கும் மகனின் பெயரையும் சேர்த்து முதல் தகவல் அறிக்கை போட்டுவிட்டார்களாம்; ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்களாம்.

முதல் தகவல் அறிக்கை தண்டனை அன்று. ஆனால் ஊரில் பேசி முடித்ததும் நீதிமன்றத்தில் முடிந்ததும் ஒன்றல்ல. அந்த வழக்கு சமரசத்துக்குரிய பிரிவில் இருந்தால், நீதிமன்றத்தின் முன் சமரசத்தைப் பதிவு செய்யுங்கள். அதற்கு விடுதலையின் பலன் உண்டு. அந்த ஆணையின் சான்றிட்ட நகலை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கிரீன் கார்டு புதுப்பிப்பில் இது வராமல் போகலாம். குடியுரிமைப் படிவம் உலகில் எங்கு நடந்த கைதையும் கேட்கிறது. அன்றைக்கு அந்த ஒரு தாள் இல்லாமல் அலைபவர்கள் அதிகம்.

9 செப்டம்பர் 2025

கட்டபெட்டுத் தங்கையின் தம்பி வழக்கறிஞரைப் பார்த்துவிட்டார். பச்சைத் தேயிலைக்கு விலை இல்லாத இந்த ஆண்டில், கூட்டுறவுத் தொழிற்சாலையிலிருந்து வரும் பணத்தை நம்பியிருக்கும் அந்த வீடு, தானும் கட்டணத்தில் பங்கு தர முன்வந்ததை அறிந்தேன். தம்பி அதை வாங்கிக்கொள்ளவில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

வழக்கறிஞர் நான் எழுதாத ஒரு வழியையும் காட்டியிருக்கிறார். குற்றத்தை ஒப்புக்கொள்வதால் நாடு கடத்தல் நேரலாம் என்பதைக் கட்சிக்காரரிடம் சொல்வது குற்றவியல் வழக்கறிஞரின் கடமை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010-இல் படில்லா வழக்கில் தீர்ப்பளித்தது. இவருடைய வழக்கறிஞர் 2018-இல் அதைச் சொல்லாமல், பதிவே இருக்காது என்று உறுதி கூறியிருக்கிறார். அந்த அடிப்படையில் பழைய ஒப்புதலை ரத்துச் செய்ய மனுப் போட முடியும். இத்தகைய சட்டக் குறையால் ரத்தானால் குடிவரவுச் சட்டமும் அந்தத் தண்டனையைக் கணக்கில் எடுக்காது. ஆனால் நன்றாக நடந்துகொண்டதற்குப் பரிசாகவோ குடிவரவுச் சிக்கலைத் தவிர்ப்பதற்காகவோ மட்டும் ரத்துச் செய்தால் எடுக்கும். அன்று தானும் அந்தப் பழைய வழக்கறிஞரும் பேசிக்கொண்ட மின்னஞ்சல்களைத் தம்பி அழிக்காமல் வைத்திருக்கிறார். பழைய கடிதங்களைப் பத்திரப்படுத்துபவர்களை நான் எப்போதும் மதித்து வந்திருக்கிறேன்.

ஐ-90 என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்கு: கார்டு முடிவதற்குள் போடப் போகிறார்கள். பதினெட்டு வயதைக் கடந்த நிரந்தர வசிப்பாளர் செல்லுபடியாகும் கார்டைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். காலாவதியான கார்டோடு ஒளிந்துகொண்டிருப்பது ஒரு வழியே அன்று, வேலை மாறும்போதும் உரிமம் புதுப்பிக்கும்போதும் அதுவே கழுத்தைப் பிடிக்கும். பழைய ஒப்புதலை ரத்துச் செய்யும் மனு முதலில் தாக்கலாகும், விண்ணப்பம் அதன் பின். நீதிபதிக்கான தாள்கள் இப்போதே தயாராகும். இந்த வரிசையை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன்.

28 செப்டம்பர் 2025

அம்மா ஒரு கடிதம் எழுத விரும்புகிறாராம். தமிழில் எழுதினால் அங்கே ஏற்பார்களா, வழக்கறிஞர் கையொப்பம் வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தமிழிலேயே எழுதட்டும், அவர் கையாலேயே எழுதட்டும். முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பை அதனோடு இணைக்க வேண்டும். இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர், மொழிபெயர்ப்பு சரியானது, அதைச் செய்யும் திறன் தமக்கு உண்டு என்று எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். குடும்பத்தைச் சேராத ஒருவர் செய்வது நல்லது. கடிதத்தில் மகன் நல்லவன் என்று பொதுவாக எழுத வேண்டாம். அப்பாவின் சிகிச்சைக்கு அவர் எப்போது எவ்வளவு அனுப்பினார், வங்கிப் பதிவு எங்கே இருக்கிறது, தங்கையின் படிப்புக்கு என்ன செய்தார், அந்தத் திருட்டைப் பற்றித் தன் தாயிடம் எப்போது, என்ன சொன்னார் என்பதை நாளோடும் தொகையோடும் எழுதட்டும். தவறை மறைத்து எழுதிய கடிதம் நீதிபதியிடம் எடுபடாது. தவறை அறிந்து எழுதியது எடுபடும். வங்கிப் பதிவின் நகல்களையும் மருத்துவமனை ரசீதுகளையும் கடிதத்தோடு சேர்த்து, அசலை வீட்டில் வைத்துக்கொண்டு, நகலைப் பதிவு செய்யப்பட்ட அஞ்சலில் அனுப்புங்கள். மொழிபெயர்க்க ஆள் கிடைக்காவிட்டால் எனக்கு எழுதுங்கள், நானே செய்து தருகிறேன்.